கடைசி நாளை வெளியே சுற்றிக் கழிப்பதா, வீட்டில் கழிப்பதா?

கேள்வி – 26 மே 2025, திங்கள்

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி திருநெல்வேலியில் ரயில். போன முறை கடைசி நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தோம். பேச ஒன்றும் இல்லை. அம்மா மத்தியானத்திலிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனுக்குச் சண்டை. இந்த முறை சனிக்கிழமை காலையிலேயே பெட்டி படுக்கையோடு காரில் கிளம்பி, குற்றாலத்தில் குளியல், தென்காசி கோயில், சாயங்காலம் நெல்லையப்பர், அல்வா, அப்படியே ஜங்ஷன் என்று திட்டம். கிளம்புகிற நாளை வீட்டில் உட்கார்ந்து கழிப்பது வீண் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உண்டா?

26 மே, இரவு

உண்டு.

நான் அம்பாசமுத்திரத்தில் (எங்கள் பேச்சில் அம்பை) இருப்பவன். வழியனுப்புகிற கட்சி. முன்பு புனேயில் வேலை பார்த்த காலத்தில் நானும் பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியவன்தான், அதனால் உங்கள் பக்கமும் கொஞ்சம் தெரியும். தம்பி குடும்பம் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் சனிக்கிழமை ராத்திரிதான் வண்டி.

முதலில் உங்கள் திட்டத்தை மட்டும் பார்ப்போம். ஜூன் 2-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை குற்றாலத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளாவில் தொடங்கிவிட்டது. மலையில் மழை பிடித்தால் அருவியில் வெள்ளம், வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. தடை இல்லாமல் நீங்கள் குளித்தேவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஈரத்துணியை எங்கே காயப்போடுவீர்கள்? பிளாஸ்டிக் பையில் கட்டி ரயிலில் எழும்பூர் வரை கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலையில் அந்தப் பையைத் திறக்கிற பாவம் யாருக்கு?

அல்வா பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை இருக்கும். வரிசையில் ஒருவர், காரில் பெட்டிக்குக் காவல் ஒருவர், பாத்ரூம் தேடுகிற பிள்ளையோடு ஒருவர். ஜங்ஷனுக்குள் நுழையும்போது உங்கள் குடும்பத்தில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுவதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள். சனிக்கிழமையில் எதுவும் போடாதீர்கள். அந்த ஒரு நாள் வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு.

27 மே, காலை

இன்னொன்று தோன்றியது. கடைசி நாள் எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது வண்டிதான்.

நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி வண்டி என்றால் ஒரு முழுப் பகல் கையில் கிடைக்கும். அந்தப் பகலைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் வந்த பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். காலை ஆறு மணியை ஒட்டிக் கிளம்பி மத்தியானம் இரண்டு மணிக்குள் எழும்பூரில் இறக்கிவிடுகிறது. ஆனால் அம்பையிலிருந்து அதைப் பிடிக்க நாலரைக்கே வீட்டைவிட்டு இறங்க வேண்டும். மூன்றரைக்கு எழுந்து, தூக்கம் கலையாத பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டு, அம்மா வாசலில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நிற்க, ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அழக்கூட நேரம் இருக்காது.

சிலருக்கு அதுவே வசதி. எங்கள் எதிர் வீட்டு ஆச்சி அப்படித்தான் சொல்கிறாள்: "வெட்டுனா ஒரே வெட்டா வெட்டிரணும்." மகன் குடும்பம் கிளம்புவதைத்தான் சொல்கிறாள், வாழைத்தாரை அல்ல.

27 மே, மத்தியானம்

அம்மா அழுவார் என்பதற்காக வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறேன் என்கிறீர்களே, அதைப் பற்றி. அழுகையை நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். அது நடக்காமல் இருக்காது. காலை எட்டு மணிக்கு நீங்கள் கிளம்பினால் எட்டே காலுக்கு ஆரம்பித்து ராத்திரி வரை நடக்கும், சமாதானம் சொல்ல ஆள் இல்லாமல். சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால் விளக்கேற்றுகிற நேரம் வந்துவிடும், அவர்களுக்கும் வேலை இருக்கும்.

கிளம்புகிறவனுக்கு ரயில் உண்டு, ஜன்னல் உண்டு, பக்கத்து சீட்டுக்காரர் உண்டு. புனே நாட்களில் வண்டி கோவில்பட்டி தாண்டுவதற்குள் எனக்கு மனசு தெளிந்துவிடும். இதை அம்மாவிடம் சொன்னதில்லை.

28 மே

நான் எழுதியதையெல்லாம் நேற்று ராத்திரி என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "அமைதியான கடைசி நாள்னு எழுதியிருக்கீங்களே, யாருக்கு அமைதி?" என்றாள்.

அவள் போட்ட பட்டியல் இது. ரயிலுக்கு ராத்திரிச் சாப்பாடு: இட்லியும் மிளகாய்ப்பொடியும். அதற்கு முதல் நாளே மாவு அரைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புளிச்சோறு. கொண்டுபோவதற்குச் சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, மோர்மிளகாய், சின்னவனுக்கு மட்டும் தேங்குழல். மத்தியானத்துக்கு சொதி, ஏனென்றால் தம்பிக்குச் சொதி இல்லாமல் ஊர் வந்த கணக்கே ஆகாது. தேங்காய் திருகி மூன்று பால் எடுக்க வேண்டும், இஞ்சிப் பச்சடி வேண்டும், உருளைக்கிழங்குப் பொரியல் வேண்டும். இதெல்லாம் அந்த "எதுவும் போடாத" சனிக்கிழமையில்தான் நடக்கிறது. நாங்கள் அண்ணன் தம்பி திண்ணையில் கால் நீட்டி அமைதியாக இருப்போம், உள்ளே மிக்சி ஓடிக்கொண்டே இருக்கும்.

நியாயமான பேச்சு. அதனால் என் வாதத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: சனிக்கிழமையைக் காலியாக விட வேண்டும் என்றால் அடுக்களையையும் காலியாக விட வேண்டும். பொடிகளை வியாழனே முடியுங்கள். அப்பளம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்துவிடட்டும். சொதியையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். சொதி எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுக்கு வைக்கிற சாப்பாடு, வந்த மருமகனைக் குளிர வைக்க. கிளம்புகிற அன்று அதைச் சாப்பிட்டுவிட்டு மதியம் எல்லோரும் உறங்கிவிடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. சனிக்கிழமை ரசமும் துவையலும் போதும்.

இட்லி மட்டும் அன்றைக்குத்தான். அதில் சமரசம் இல்லை. வாழையிலையைத் தீயில் லேசாக வாட்டி, இட்லி நன்றாக ஆறிய பிறகு நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி, இலையில் அடுக்கி, மேலே நியூஸ்பேப்பர் சுற்றி நூலால் கட்ட வேண்டும். சூடாகக் கட்டினால் வேர்த்து, விருதுநகர் வருவதற்குள் பிசுபிசுத்துவிடும். பொடி தடவுகிற வேலையை இந்த முறை நானும் தம்பியும் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மனைவி நம்பவில்லை.

29 மே

மேலே ஒருவர் "சனிக்கிழமை மேற்கே சூலம், நீங்கள் போவது கிழக்கே, கவலை இல்லை" என்று எழுதியிருக்கிறார். இல்லை. தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பாருங்கள். திங்களும் சனியும் கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. அம்பையிலிருந்து திருநெல்வேலி நேர் கிழக்கு. அதனால் எங்கள் ஆட்கள் சூலத்துக்கு எதிரேதான் கிளம்புகிறார்கள். கிழக்குக்குப் பரிகாரம் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்குத் தைலம், மேற்குக்கு வெல்லம். சனிக்கிழமை வாசலில் ஆளுக்கு ஒரு கரண்டி தயிர் உண்டு.

நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு இல்லை. தயிர் மேல் நம்பிக்கை உண்டு.

ஞாயிறு கிளம்புவதைவிட இது தேவலை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு. ராத்திரி வண்டியைப் பிடிக்க எங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற நேரம் சரியாக அதுதான். ஒரு ஞாயிறு இப்படி மாட்டிக்கொண்டோம். அம்மா அசரவில்லை. நாலு மணிக்கே ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டாள். பரஸ்தானம். பை நல்ல நேரத்தில் புறப்பட்டுவிட்டது, இனி ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

நாலே காலுக்குத் தம்பி மகள் சார்ஜரைத் தேடினாள். சார்ஜர் அந்தப் பையில். பையை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் புறப்பட்டதே செல்லாது. திறந்து சார்ஜரை மட்டும் எடுத்துவரலாமா என்று கேட்டோம். அதுவும் கூடாது என்று தீர்ப்பு. கடைசியில் போன் பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் முற்றத்துப் பிளக்கில் சார்ஜ் ஏறியது. பிள்ளையும் பின்னாலேயே போய் அங்கேயே உட்கார்ந்து டிவி பார்த்தாள். ஆறு மணி வரை எங்கள் வீடு அமைதியாக இருந்தது.

30 மே

இழை கொஞ்சம் திசை மாறுகிறது, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், "காயவைத்தால் பரவாயில்லை, எல்லோரும் கொண்டுபோகிறார்கள்" என்று இன்னொருவர் பதிலும் போட்டிருக்கிறார்.

கொண்டுபோகாதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஆரஞ்சுத் தோட்டங்களைக் காலி செய்கிற ஒரு நோயைப் பரப்பும் பூச்சி இந்த இலையிலும் குடியிருக்கும். அதனால்தான் விமான நிலையத்தில் அவ்வளவு கறார். கொப்பரைத் தேங்காயும் இங்கிருந்து விமானப் பெட்டியில் போக முடியாது. எண்ணெய்ப் பசை நிறைய, தீப்பிடிக்கும் என்று 2022 முதல் தடை. ஆஸ்திரேலியா போகிறவர்கள் பால்கோவாவை மறந்துவிடுங்கள், பால் இனிப்புகளை அவர்கள் உள்ளே விடுவதில்லை. எதைக் கொண்டுபோனாலும் அங்கே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பறிமுதல் ஆனால் அல்வாதான் போகும், அபராதம் கட்ட வேண்டியிருக்காது.

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளை அனுப்புகிற கடைசி நாள் முழுக்கக் கொக்கித் தராசோடுதான் போகும். பெட்டியை மாட்டித் தூக்குவது, இருபத்து நாலு காட்டுவது, திறப்பது, கருப்பட்டியை எடுத்து வெளியே வைப்பது, மறுபடி மாட்டுவது, மூடியதும் அம்மா கருப்பட்டியைத் திரும்ப உள்ளே திணிப்பது. திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை அந்த உடன்குடிக் கருப்பட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அவள் கிளம்புகிற நாளில் அமைதியும் கிடையாது, அழுகையும் கிடையாது. ஒன்று கவனித்திருக்கிறேன்: தூரம் கூடக் கூட அம்மா அழுவது குறைகிறது. சென்னைக்குத்தான் அழுகை.

31 மே, காலை

இன்று எங்கள் வீட்டில் அந்த நாள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று, பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். போனில் சார்ஜ் கம்மி. மற்றது பிறகு.

1 ஜூன், ஞாயிறு

அனுப்பியாயிற்று. காலையில் எழும்பூரிலிருந்து போன் வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் பதினோரு மணிக்கு மூச்சை விட்டது. ஃபேன் இல்லை, டிவி இல்லை, பிள்ளைகளின் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லோரும் காற்றுக்காகப் பின்தாழ்வாரத்துக்கு வந்தோம். அம்மா இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு சாக்கை இழுத்துப்போட்டாள். புளி. சித்திரையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை, கொட்டை எடுக்க ஆள் இல்லாமல் கிடந்தது.

தம்பி ஐடி கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். அரிவாள்மணையில் குந்தி உட்கார முடியாமல் முதலில் காலை மடக்கினான், பிறகு நீட்டினான், கடைசியில் ஒரு முக்காலியைத் தேடிப்பிடித்தான். நாரை உரித்து, புளியை அரிவாளில் கீறி, கட்டைவிரலால் கொட்டையைத் தள்ள வேண்டும். முதல் பத்துப் பதினைந்தில் பாதிச் சதை கொட்டையோடு போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் அவன் எறிந்த கொட்டைகளை மறுபடி எடுத்து வழித்துக்கொண்டிருந்தாள். பிறகு கை பழகிவிட்டது. விரலெல்லாம் பழுப்பு.

பிள்ளைகள் கொட்டைகளைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினார்கள், தாயம் ஆட. தேய்த்த சூட்டோடு கொட்டையை அடுத்தவர் கையில் வைக்கலாம் என்று என் மனைவி சொல்லிக் கொடுத்தாள். அதன்பிறகு தாயத்தை யாரும் ஆடவில்லை.

மதியம் ஒன்றரை மணி வாக்கில் தம்பி குளிக்கப் போனான். துண்டோடு திரும்பி வந்து கேட்டான்: "அண்ணே, பாத்ரூம்ல அந்தக் கம்பி எப்பம் வச்சது?"

சுவரில் ஸ்டீல் கைப்பிடி ஒன்று பதித்திருக்கிறோம். வந்த நாள் முதல் தினம் அதில்தான் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

நான் வாய் திறக்கவில்லை. அம்மா, "துண்டு போடதுக்குத்தான்" என்றாள், புளியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

என் மனைவிதான் சொன்னாள். "ஜனவரில அத்தை வழுக்கி விழுந்துட்டாவ. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாவ."

"இப்பம் எதுக்கு அதெல்லாம்? எலும்பா முறிஞ்சிட்டு? புளியப் பாரு" என்றாள் அம்மா.

தம்பி குளிக்கப் போகவில்லை. அப்படியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தான். மாடிப்படிக்கு லைட் இல்லையே என்றான். அடுக்களை நிலைப்படி உயரமாக இருக்கிறதே என்றான். வழுக்காத ரப்பர் மிதியடி போட வேண்டும் என்றான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அம்மா இப்போது மாடி ஏறுவதே இல்லை, மிதியடி போட்டதில் கால் தடுக்கும் என்று டாக்டரே எடுக்கச் சொன்னார், இதெல்லாம் வருஷம் முழுக்கப் பார்க்கிறவன் நான். ஊரில் இருக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இந்த எரிச்சல் தெரியும். ஒரு நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், ராத்திரி வண்டி ஏறிவிடுவார்கள்.

ஆனால் அவன் கேட்டதும் நல்லதுதான் என்று சாயங்காலம் தோன்றியது. என்னிடம் சொல்லாத ஒன்றை அம்மா அவனிடம் சொன்னாள்: ராத்திரி எழுந்தால் தலை சுற்றுகிறதாம். எனக்கு அது தெரியாது. நான் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பவள், சில மணி நேரத்தில் கிளம்பிவிடப் போகிறவனிடம் சொல்கிறாள். தினமும் கூட இருக்கிறவனிடம் சொன்னால் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பான் என்ற கணக்கோ என்னவோ. நாளை ரத்த அழுத்த மாத்திரையின் அளவைப் பார்க்க டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

இதற்கு முன் வீட்டில் பேச நேரமே இல்லையா என்றால், இருந்தது. ஆனால் வந்த நாள் முதல் பாபநாசம், காரையாறு, அத்தை வீடு, மச்சினன் வீட்டுக் காதுகுத்து, துணிக்கடை. அந்தக் கைப்பிடியைப் பார்க்க நேரமில்லை.

மற்றபடி எல்லாம் வழக்கம்தான். இட்லிக்குப் பொடி தடவினோம், நாற்பது இட்லி. தம்பி எண்ணெயை அதிகம் ஊற்றிவிட்டான். நாலரைக்குக் கரண்ட் வந்தது, பிள்ளைகள் காணாமல் போனார்கள். ஐந்தேகாலுக்கு வாசலில் தயிர். அம்மா எல்லோருக்கும் திருநீறு பூசி, ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தபால்தலை அளவுக்கு மடித்துப் பேரன் பேத்தி உள்ளங்கையில் அழுத்தினாள், யாருக்கும் தெரியாமல். சின்னவன் அங்கேயே விரித்து, "ஆச்சி ஐந்நூறு தந்தா" என்று கூவினான்.

அழுகை? இந்த முறை அழவில்லை. "ஏய்யா, கெளம்புங்க, பத்தமடைகிட்ட ரோடு வேலை நடக்கு" என்று விரட்டினாள். கார் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே போய்விட்டாள். புளிக்குக் கல்லுப்புப் போடவில்லையாம்.

2 ஜூன்

ஊருக்குப் போனவர்கள் கிளம்பியதும் வீட்டைக் கூட்டக் கூடாது என்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. தலைக்குக் குளிக்கவும் கூடாது. முன்பெல்லாம் போய்ச் சேர்ந்த கடிதம் வரும்வரை என்பார்களாம், அப்படியானால் வீடு என்ன கதியில் கிடந்திருக்குமோ. இப்போது அம்மா திருத்தச் சட்டம் கொண்டுவந்திருக்கிறாள்: வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று என்று போன் வந்தால் போதும், கூட்டலாம். ஆனால் போன் வரும்போது ராத்திரி ஆகிவிடும், விளக்கு வைத்த பிறகு எப்படியும் கூட்டக் கூடாது. ஆக, விடியும் வரை புளி நாரிலேயே நடந்தோம்.

4 ஜூன்

"கடைசி நாளை வீட்டில் வைத்துக்கொண்டால் சொத்துப் பேச்சு வருகிறது, அதற்குக் குற்றாலமே மேல்" என்று ஒருவர். சிரித்துவிட்டேன். உண்மைதான். வந்த நாளிலிருந்து யாரும் தொடாத பேச்சு, பெட்டி கட்டும்போது "அந்த மேலப்பத்து வயல் பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கிளம்பும். கேட்டவர் வண்டி ஏறிப் போய்விடுவார், மிச்சம் இருப்பவர்கள் தீபாவளி வரை அதையே அரைத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. காகிதப் பேச்சு எதுவானாலும் வந்த மறுநாள் காலையில், எல்லோரும் காப்பி குடித்த கையோடு. சண்டை வந்தால் சமாதானம் ஆக ஒரு வாரம் இருக்கிறது. அப்பா காலத்திலேயே வந்த வழக்கம் இது.

அவர் கூடவே "கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்கு எங்கே" என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-ல். 1989-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இங்கே இருந்த தடையும் 2005-க்குப் பிறகு பேச்சுக்கு நிற்காது. உங்கள் தங்கையிடம் இதைக் கடைசி நாளில் விளக்க வேண்டாம், அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

9 ஜூன்

கேள்வி கேட்டவர் வந்து பதில் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமையே குற்றாலம் போய்வந்துவிட்டு, சனிக்கிழமை வீட்டிலேயே இருந்தாராம். "ரொம்பப் போரடித்தது, அம்மா அழவில்லை, சீரியல் பார்த்தார், நான் தூங்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டுக் கெட்டதாக லேசான குற்றச்சாட்டு.

எல்லா வீட்டிலும் புளி இருக்காது, கரண்டும் போகாது. அம்மா பக்கத்தில் சீரியல் ஓட மத்தியானம் தூங்குவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நான் புனேயில் இருந்தபோது கடைசி நாட்களில் பெரும்பாலும் அதைத்தான் செய்தேன். நான் தூங்கும்போது அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள் என்று என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

உங்கள் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அந்த சனிக்கிழமை எப்படி இருந்தது என்று. எங்களுக்கும் சொல்லுங்கள்.

15 ஜூன்

அவர் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் தீபாவளி டிக்கெட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ரயில் பேச்சை ஆரம்பித்தது நான்தான் என்பதால் பதில் சொல்கிறேன்.

போன நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கள். வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி ராத்திரி சென்னையில் ஏறுவதென்றால் ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும். திரும்பும் டிக்கெட்டைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். செவ்வாய் 21 ராத்திரி திரும்ப ஆகஸ்ட் 22 காலை எட்டு மணி. எட்டு ஐந்துக்கு உள்ளே போனால் காத்திருப்போர் பட்டியல்தான்.

தம்பி இந்த முறை புதன்கிழமை காலை வந்தே பாரத்தில் திரும்பப் பார்க்கிறானாம், ஆபீஸ் மதியத்திலிருந்து என்று. நாலரை மணிக்கு அவர்களை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியது நான். இப்போதே சொல்லிவிட்டேன்: ராத்திரி வண்டிக்கே போடு, மோர்மிளகாய் மொட்டை மாடியில் காயப்போட ஆள் வேண்டும்.